பத்து நிமிஷ டைபாய்டு

ஆரணியில் அவர் லேப் நடத்திய காலம் முழுக்க, டைபாய்டு இல்லாமல் எந்தப் பிள்ளைக்கும் காய்ச்சல் வந்ததே இல்லை. மழையில் நனைந்து வந்த காய்ச்சல், அம்மை போடப் போகிற காய்ச்சல், பரீட்சைக்குப் பயந்து வந்த காய்ச்சல், எல்லாமே அவர் மேசைக்குப் போனால் டைபாய்டாகத்தான் வெளியே வரும். பக்கத்துச் சேவூரில், பட்டுத் தறி ஓடும் எங்கள் தெருவில் டைபாய்டு வராத பிள்ளை ஒன்று இருந்தால், அது இன்னும் பிறக்கவில்லை என்று அர்த்தம். எனக்கே பள்ளிக்கூடம் முடிப்பதற்குள் பல தடவை வந்திருக்கிறது. அதாவது, வந்ததாக அவர் சொல்லியிருக்கிறார். ஒவ்வொரு தடவையும் ரொட்டியும் பார்லி கஞ்சியுமாகக் கிடந்து, குளிக்காமல் நாறி, எலும்பும் தோலுமாக எழுந்து பள்ளிக்கூடம் போயிருக்கிறேன்.

ஊரில் யாரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. நானும் இங்கே சொல்லப் போவதில்லை. லேப் சார், அவ்வளவுதான். பஸ் ஸ்டாண்டுக்குப் போகிற வழியில், ஒரு போட்டோ ஸ்டுடியோவின் மாடிப்படிக்குக் கீழே அவருடைய அறை. உள்ளே ஒரு மேசை, ரத்தத்தைச் சுழற்றுகிற ஒரு மெஷின், டேபிள் ஃபேன், படவேட்டு அம்மன் படம் போட்ட காலண்டர், பிளாஸ்டிக் உறை போட்ட ஒரு மைக்ராஸ்கோப். மைக்ராஸ்கோப்புக்குத் தினமும் பூ வைப்பார். அதற்குள் அவர் கண்ணை வைத்து நான் ஒருநாளும் பார்த்ததில்லை.

ஆள் பார்க்க லட்சணமாக இருப்பார். மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை, நெற்றியில் சந்தனம், பேச்சில் அப்படி ஒரு குழைவு. ஊசி குத்துவதே தெரியாது. "அவரு கை பூ மாதிரிங்க, குத்தனதே தெரியல" என்று பெண்கள் மெச்சிக்கொள்வார்கள். குத்தினது தெரியவில்லை என்பதற்காக ஒரு மனிதரை நம்புகிற ஊர் எங்கள் ஊர். ரத்தம் எடுத்த கையோடு பிள்ளையின் கன்னத்தைத் தட்டி ஒரு ஆரஞ்சு மிட்டாய் கொடுப்பார். இதுவும் அவருடைய நல்ல பெயர்க் கணக்கில் சேர்ந்துகொள்ளும்.

அவரிடம் ஒரே ஒரு சொல்தான் இருந்தது. கன்பார்ம். வேறு எதையும் அவர் சொல்லி நான் கேட்டதில்லை. 'இல்லை' என்ற சொல்லும், 'தெரியவில்லை' என்ற சொல்லும் அந்த அறையின் படியேறியதே கிடையாது. யாரையும் பதில் இல்லாமல் திருப்பி அனுப்ப அவரால் முடியாது. அதை ஒரு பெருமையாகவே சொல்லிக்கொள்வார்.

"நம்பி வர்றாங்க. வெறுங்கையோட அனுப்பக் கூடாது பாருங்க."

பதில் என்ன பஜ்ஜியா பொட்டலம் கட்டிக் கொடுப்பதற்கு!

அவர் செய்தது என்ன என்பதைச் சொல்லிவிடுகிறேன். ரத்தத்தைச் சுழலவிட்டால் மேலே தெளிந்த நீர் நிற்கும். கண்ணாடித் துண்டில் அதில் ஒரு சொட்டு, பக்கத்தில் இன்னொரு சொட்டு. ஒன்றின்மேல் நீல மருந்து, இன்னொன்றின்மேல் ரோஸ் மருந்து. கலக்கி, கண்ணாடியை மெதுவாக ஆட்ட வேண்டும். டைபாய்டுக்கு எதிராக உடம்பு எதையாவது உண்டாக்கி வைத்திருந்தால் மருந்து பொடிப்பொடியாகத் திரளும். இல்லாவிட்டால் அப்படியே வழவழவென்று இருக்கும். எப்போதோ வந்துபோன டைபாய்டுக்கும் திரளும், சில சமயம் வேறு காய்ச்சலுக்கும் திரளும். அதனால் அதை மட்டும் வைத்து முடிவு கட்டக் கூடாது. முக்கியமாக, ஒரு நிமிஷத்துக்குள் பார்த்துவிட வேண்டும். அதற்குமேல் விட்டால் ஓரம் காய்ந்து, காய்ந்ததே பொடி மாதிரி தெரியும். லேப் டெக்னீஷியன் படிப்பில் முதலில் சொல்லித் தருகிற பாடங்களில் இது ஒன்று.

லேப் சார் அந்தக் கண்ணாடியை டேபிள் ஃபேனுக்கு நேராக வைத்துவிட்டு டீ குடிப்பார். டீ குடித்து, வெற்றிலை போட்டு, வந்தவரின் மச்சினன் கல்யாணம் வரைக்கும் விசாரித்துவிட்டு எடுப்பார். அப்புறம்தான் அவருடைய பெரிய வித்தை. பிள்ளையின் அப்பாவைப் பக்கத்தில் கூப்பிட்டு, கண்ணாடியை ட்யூப்லைட்டுக்கு எதிரே பிடிப்பார்.

"நீங்களே பாருங்க. நான் சொல்ல வாணாம். எப்டி நிக்குது?"

வந்தவர் யார்? சாயத் தொட்டியில் கைவிட்டு வளர்ந்தவர். பட்டுக்குச் சாயம் போடுகிறபோது நீலம் சரியாகக் கரையாமல் போனால் தொட்டியில் பொடிப்பொடியாக மிதக்கும் என்பது அவருக்குக் குழந்தையிலிருந்து தெரியும். அது கெட்ட சாயம், அதில் நூலை நனைத்தால் புடவை போச்சு. அதே நீலம், அதே பொடி இப்போது தன் பிள்ளையின் ரத்தத்தில். இதைவிட வேறு என்ன சாட்சி வேண்டும்?

என் அப்பா அப்படித்தான் நம்பினார். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொல்வார். "என் கண்ணால பாத்தன்டி. சாயம் திரிஞ்ச மாதிரி நிக்குது." நிறம் பார்ப்பதில் எங்கள் தெருவில் அப்பாவை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. அரக்குக்கும் மாம்பழச் சிவப்புக்கும் இருட்டில்கூட வித்தியாசம் சொல்வார். அந்தக் கண்ணைத்தான் லேப் சார் தனக்குச் சாதகமாக வளைத்துக்கொண்டார். வேறு ஊரில் இந்த வித்தை இவ்வளவு சுலபமாகப் பலித்திருக்காது என்று எனக்கு இன்றைக்கும் தோன்றுகிறது.

இன்னொரு காரணமும் இருந்தது. பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் அம்மா தறியைவிட்டு எழ வேண்டும், அப்பாவுக்கு ஊடை நூல் சுற்றிக் கொடுக்க ஆள் இருக்காது. முகூர்த்த மாதத்தில் முதலாளி வீட்டு ஆள் புடவை கேட்டு வாசலில் வந்து நிற்பான். "நாளைக்கு வாங்க, ரெண்டு நாள் பாக்கலாம்" என்று சொல்கிற டாக்டர் யாருக்கும் வேண்டாம். பத்து நிமிஷத்தில் பெயரைச் சொல்கிறவர் வேண்டும். லேப் சார் சொன்னார். ஜல்தியாக வேலை முடிந்தது. தறி ஓடியது.

ஒரு தடவை எங்கள் பள்ளிக்கூடத்துக் கணக்கு வாத்தியாருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. நல்ல ஆரோக்கியமான மனிதர், தினமும் சைக்கிளில் வயல்வெளி சுற்றி வருகிறவர். "ரெண்டு நாளா உடம்பு ஒருமாதிரி இருக்குது சார்" என்று பொய் சொல்லி ரத்தம் கொடுத்தார். கன்பார்ம். வாத்தியார் விடாமல், "எனக்குக் காய்ச்சலே இல்லியே, சும்மா சோதிச்சுப் பாக்கத்தான் வந்தேன்" என்று நாலு பேர் முன்னால் போட்டு உடைத்தார். வேறு யாராக இருந்தாலும் அன்றைக்குக் கடையை மூடியிருப்பார்கள். லேப் சார் சிரித்துக்கொண்டே வெற்றிலையை ஒதுக்கினார்.

"உங்களுக்கு உள்ளுக்குள்ள இருக்குது சார். வெளிய வர்றதுக்கு முன்னாடியே புடிச்சிட்டேன். நல்ல நேரத்துல வந்தீங்க."

அந்த நாலு பேரும் தலையாட்டினார்கள். காய்ச்சல் வருவதற்கு முன்னாலேயே கண்டுபிடிக்கிறாராம் என்று அடுத்த வாரம் கூட்டம் இன்னும் கூடியது. வாத்தியாரின் மனைவி அவரை வலுக்கட்டாயமாக மாத்திரை தின்னவைத்தாள். ஊரின் புத்தியைப் பற்றி எனக்கு இருந்த கொஞ்சநஞ்ச மரியாதையும் அத்தோடு போயிற்று.

இதையெல்லாம் சிரிப்புக் கதையாகச் சொல்லி முடித்துவிடலாம். என் தம்பிக்கு வந்தது வராமல் இருந்திருந்தால்.

தம்பிக்கு அப்போது ஐந்து வயது. சாயங்காலமானால் உடம்பு சுடும், காலையில் விளையாடுவான். சோறு இறங்கவில்லை. கன்பார்ம் என்றார் லேப் சார். அவரே மாத்திரையும் கொடுத்தார். காய்ச்சல் போகவில்லை. திரும்பப் போனோம். "வேர் இன்னும் அறல. கன்பார்மா இருக்குது பாருங்க" என்று மறுபடி ட்யூப்லைட்டுக்கு எதிரே பிடித்தார். அப்பாவும் மறுபடி பார்த்துத் தலையாட்டினார். வேறு மாத்திரை. அவன் மெலிந்துகொண்டே வந்தான். மூன்றாவது தடவையும் அதே கண்ணாடி, அதே நீலம், அதே தலையாட்டல். ஒருநாள் காலையில் அவனுக்குக் கழுத்து விறைத்து, கண் மேலே செருகி, இழுப்பு வந்துவிட்டது. வேன் பிடித்து வேலூருக்கு ஓடினார்கள்.

அங்கே இருந்த டாக்டர், எவ்வளவு நாளாகக் காய்ச்சல் என்று கேட்டார். அம்மா மடியிலிருந்து லேப் சார் கொடுத்த சீட்டுகளை எடுத்து நீட்டி, "டைபாய்டு சார், கன்பார்ம் பண்ணிட்டாங்க" என்றாள். டாக்டர் அவற்றைப் பார்த்துவிட்டுக் கட்டிலின் ஓரத்தில் வைத்தார். டி.பி. மூளைக்குப் போயிருந்தது. தம்பி பிழைத்தான். காது போய்விட்டது. இரண்டு காதும்.

அப்பா திரும்பி வந்ததும் லேப் சாரிடம் கேட்கப் போனார். நானும் கூடப் போனேன். சண்டை நடக்கும், மேசை புரளும் என்று எதிர்பார்த்தேன். லேப் சார் எழுந்து வந்து அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டார். கண்கூடக் கலங்கியிருந்தது.

"என்னா பேஜாரு பாருங்க. அதுவும் இருந்துருக்குது, இதுவும் இருந்துருக்குது. நான் டைபாய்டு இருக்குதான்னு பாத்தேன். இருந்துச்சு. சொன்னேன். நீங்களுந்தானே பாத்தீங்க?"

அப்பா, "பாத்தேன்" என்றார். வழியெல்லாம், "அவரு சொல்றதும் சரிதானே, நானுந்தானே பாத்தேன்" என்று முனகிக்கொண்டு வந்தார். செய்தவர் நிம்மதியாக டீ குடிக்க, பழி எங்கள் அப்பாவின் கண்ணில் வந்து உட்கார்ந்துகொண்டது. இதற்காக நான் அந்த மனிதரை மன்னித்ததில்லை. மன்னிக்கிற உத்தேசமும் இல்லை.

இரண்டாயிரத்துக்குப் பிறகு நான் லேப் டெக்னீஷியன் படிப்பை முடித்து வேலைக்குப் போனேன். வேலூர்ப் பக்கமிருந்து ஒரு குழு ஆரணிக்கு வந்து, ஊர் ஆஸ்பத்திரிக்குள் ஒரு அறை கேட்டு வாங்கி வேலை செய்தது. பிள்ளைகளுக்கு வருகிற டைபாய்டைச் சீக்கிரமாகவும் சரியாகவும் கண்டுபிடிக்க ஒரு புதுச் சோதனை. கைக்கு அடக்கமான ஒரு அட்டை. அது சொல்வது சரிதானா என்று பார்க்க வேண்டும். அதற்கு ஒரே வழி, அதே பிள்ளையின் ரத்தத்தைச் சத்துத் திரவம் உள்ள பாட்டிலில் விட்டு, சூடாக வைத்து, டைபாய்டுக் கிருமி வளர்கிறதா என்று காத்திருந்து பார்ப்பது. கிருமி வளர்ந்தால் அதற்குமேல் பேச்சில்லை. உள்ளூர் ஆள் என்பதால் என்னை டெக்னீஷியனாகச் சேர்த்துக்கொண்டார்கள்.

அந்தப் பாட்டிலுக்கு இரண்டு விஷயம் வேண்டும். ஒரு சொட்டு போதாது, சில டீஸ்பூன் ரத்தம் வேண்டும். பிள்ளைக்கு அதற்குமுன் கிருமி கொல்லும் மாத்திரை எதுவும் கொடுத்திருக்கக் கூடாது. கொடுத்திருந்தால் கிருமி இருந்தாலும் பாட்டிலில் வளராமல் போய்விடலாம். இந்த இரண்டு விஷயத்திலும் எங்களுக்குக் குறுக்கே லேப் சார் நின்றார்.

"சின்னப் புள்ளைங்க உடம்புல இருக்குறதே ஒரு சொம்பு ரத்தம். அதுல ஒரு டம்ளரு உறிஞ்சிகினு போறாங்க. நான் ஒரு சொட்டுல சொல்றத, இவங்க டம்ளர்ல சொல்றாங்களா?"

சேவூரில் என் சொந்தத் தெருவிலேயே என்னைப் பார்த்துப் பிள்ளையை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினார்கள். மனம் இளகி வருகிற சிலரும் முதலில் அவரிடம் போய், அவர் மேசையிலேயே முதல் மாத்திரையை விழுங்கவைத்துவிட்டு வருவார்கள். "மாத்திரை எதுனா குடுத்தீங்களா?" என்றால், "ஐயோ இல்லிங்க" என்பார்கள். லேப் சார் கொடுத்தது அவர்களைப் பொறுத்தவரை மிட்டாயோடு சேர்த்தி. எங்கள் பாட்டில்கள் வாரக்கணக்கில் தெளிந்த தண்ணீராகவே கிடந்தன. அதையும் அவர் விடவில்லை. "பாத்தீங்களா? அவங்க பாட்டில்ல ஒண்ணுமே வர்ல. என்னுதுல வந்துச்சே!" என்று பஸ் ஸ்டாண்டு முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். பாட்டிலைக் கெடுத்தவரே பாட்டிலைக் கேலி செய்கிற அழகை வேறு எங்கே போய்ப் பார்ப்பது!

எங்கள் குழுவின் டாக்டரம்மா பொறுமைசாலி. லேப் சாரை நேரில் போய்ப் பார்த்துப் பேசலாம் என்று என்னையும் கூட்டிக்கொண்டு போனார். லேப் சார் நாற்காலியைத் துடைத்துப் போட்டார். டீ வரவழைத்தார்.

"சார், காய்ச்சல் பிள்ளைகள் வந்தா மாத்திரைக்கு முன்னாடி எங்ககிட்ட அனுப்புங்க. உங்க ஸ்லைடையும் எங்க பாட்டிலையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். அந்தப் புது அட்டை சரியான்னு எங்களுக்கே இன்னும் தெரியலை."

அவர் முகம் மலர்ந்துவிட்டது. "தெரியலையா?"

"தெரியலை. சில பிள்ளைகளுக்குச் சரியாச் சொல்லுது. சிலருக்குத் தப்பா சொல்லுது. அதைத்தான் பாத்துக்கிட்டிருக்கோம்."

"ஏம்மா, தெரியலைன்னு சொல்றதுக்கா இவ்ளோ படிப்பு?" என்று அவர் சிரித்த சிரிப்பு, வாசலில் காத்திருந்தவர்களுக்கும் கேட்டது. அவர்களும் சிரித்தார்கள். டாக்டரம்மா டீயைக் குடித்து முடித்து, நன்றி சொல்லி எழுந்தார். எனக்குத்தான் உடம்பெல்லாம் எரிந்தது. தெரியாததைத் தெரியாது என்று சொல்ல ஒரே ஒரு ஆள் அன்றைக்கு இருந்திருந்தால் என் தம்பி நான் கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பான்.

அதற்கப்புறம் அவர் எங்கள் அறைப் பக்கம் வருவார் என்று யாராவது சொல்லியிருந்தால் நான் நம்பியிருக்க மாட்டேன். வந்தார். ஒரு காலையில், நாங்கள் கதவைத் திறப்பதற்கு முன்பே வந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். சட்டை கசங்கியிருந்தது, நெற்றியில் சந்தனம் இல்லை. பக்கத்தில் தேசூரில் கட்டிக்கொடுத்த அவருடைய மகள். மகள் மடியில் பேத்தி, நாலு வயது இருக்கும், அனலாய்க் கொதித்துக்கொண்டு கிடந்தாள்.

என்னை அவருக்கு அடையாளம் தெரிந்தது. எழுந்து நின்றார்.

"காய்ச்சல் விட மாட்டேங்குதும்மா. மாத்திரை எதுவும் குடுக்கல. வெறும் காய்ச்சலுக்குப் போடறது மட்டும்தான் குடுத்தோம், கிருமி மாத்திரை ஒண்ணுகூட குடுக்கல. நீங்க பாட்டிலுக்கு எவ்ளோ வேணுமோ எடுத்துக்கங்க."

எல்லாம் அச்சுப்பிசகாமல் சொன்னார். நாங்கள் ஊரில் ஒட்டியிருந்த நோட்டீஸில் இருந்ததைவிடத் தெளிவாகச் சொன்னார். அவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது. எத்தனை வருஷமாகத் தெரிந்திருந்தது என்பதுதான் எனக்குத் தெரியாது.

மகள் ஒன்றும் புரியாமல் அப்பாவைப் பார்த்தாள். "ஏம்பா, இவ்ளோ ரத்தம் எதுக்கு? நம்ம லேப்லயே ஒரு சொட்டு பாத்துடலாமே. பத்து நிமிஷத்துல சொல்லிடுவியே."

"நீ சும்மா இரு" என்றார்.

அவ்வளவு கடுமையாக அவர் பேசி நான் அதுவரை கேட்டதில்லை. நான் ஊசியை எடுத்தேன். என் கை பூ மாதிரி இல்லை, பிள்ளை வீறிட்டு அழுதது. அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ரத்தம் எடுத்த பிறகு டாக்டரம்மா பிள்ளையைச் சேர்த்துக்கொண்டு மருந்தைத் தொடங்கினார். "என்னன்னு இன்னும் தெரியாது, பாட்டில் சொல்லட்டும், அதுவரைக்கும் பக்கத்துலயே வெச்சுப் பாத்துக்கலாம்" என்றார். லேப் சார் சிரிக்கவில்லை. "சரிங்கம்மா" என்றார்.

பாட்டில் சொல்லும்வரை அவர் அந்தப் பெஞ்சைவிட்டு நகரவில்லை. நான் போகிறபோதும் வருகிறபோதும் என் கையைப் பார்ப்பார், கையில் ஏதாவது இருக்கிறதா என்று. காத்திருப்பது என்றால் என்ன என்று அந்த மனிதர் கற்றுக்கொள்ள ஒரு பெஞ்சு கிடைத்தது. எனக்கு இரக்கம் வரவில்லை. பிள்ளையைப் பார்த்தால் வந்தது, அவரைப் பார்த்தால் வரவில்லை.

பாட்டில் கலங்கியது. கிருமி வளர்ந்திருந்தது. டைபாய்டுதான். அத்தனை வருஷமும் ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் அவர் வாரி வழங்கிய அதே டைபாய்டு, உண்மையிலேயே, அவர் சொந்தப் பேத்திக்கு. அவர் கண்ணாடித் துண்டை எடுத்திருந்தால் சரியாகவே சொல்லியிருப்பார். அவர் எடுக்கவில்லை.

நான்தான் வெளியே வந்து சொன்னேன். "டைபாய்டு, சார். நல்லவேளையா மருந்துக்குக் கேக்குற கிருமிதான். பயம் இல்ல."

அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். உதடு காய்ந்திருந்தது.

"கன்பார்மா?" என்றார். "நல்லாப் பாத்தீங்களாம்மா? வேற எதுவும் இல்லியே?"

அந்தக் கேள்வியை அவரிடம் கேட்க எங்கள் அப்பாவுக்கு வாய் வரவில்லை. எங்கள் தெருவில் யாருக்கும் வரவில்லை.

"ட்யூப்லைட்ல புடிச்சிக் காட்டட்டுமா, சார்?" என்று கேட்டேன்.

அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

பேத்தி பிழைத்துத் தேசூருக்குப் போனாள். அதற்கடுத்த வாரம் ஒருநாள் பஸ் ஸ்டாண்டுக்குப் போகும் வழியில் பார்த்தேன். மடிப்புக் கலையாத சட்டை, சந்தனம், மைக்ராஸ்கோப்பின்மேல் புதுப் பூ. படவேட்டுப் பக்கமிருந்து வந்த ஒரு அம்மாள், தோளில் காய்ச்சல் பிள்ளையோடு உட்கார்ந்திருந்தாள். கண்ணாடி ஃபேனுக்கு நேராக இருந்தது. அவர் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

நான் வாசற்படி ஏறி உள்ளே போனேன். அவரிடம் பேசவில்லை, அந்த அம்மாளிடம்தான் கேட்டேன்.

"ஏம்மா, புள்ளைக்கு மாத்திரை எதுனா குடுத்துட்டாங்களா?"

"இன்னும் இல்லிங்க. இப்பதான் பாத்துகினு இருக்காரு."

"எழுந்து வாங்க என்னோட."

அவள் மிரண்டுபோய் அவரைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். அவர் டம்ளரைக் கீழே வைத்தார். கண்ணாடியைக் கையில் எடுத்து, எங்களைப் பார்க்காமல், மெதுவாக ஆட்டத் தொடங்கினார். அது காய்ந்து வெகுநேரம் ஆகியிருந்தது.